செயல் வாழ்வா, சிந்தனை வாழ்வா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் அரசியல் தத்துவ வாசிப்புக் கூட்டத்தில் ஞாயிறு மாலைகளில் பேசி வருகிறேன். பிளாட்டோவை எடுத்தாலும் சிசரோவை எடுத்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன: ஊர்க் காரியங்களில் இறங்கி வாழ்வது மேலா, ஒதுங்கி நின்று உண்மையை அறிந்து வாழ்வது மேலா? அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

1. செயல் வாழ்வு, சிந்தனை வாழ்வு என்று எதைச் சொல்கிறார்கள்? முதலில் அதைப் புரியும்படி சொல்லுங்கள்.

ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ ஒரு பழைய கதையைச் சொல்கிறார். ஃபிலியஸ் நகரத் தலைவர் லியோன், பித்தாகரஸிடம் அவர் எந்தக் கலையில் வல்லவர் என்று கேட்டாராம். தமக்குக் கலை எதுவும் தெரியாது, தாம் ஒரு தத்துவஞானி என்றார் பித்தாகரஸ். அந்தச் சொல்லை லியோன் கேள்விப்பட்டதில்லை. கிரேக்கம் முழுவதும் திரளும் விளையாட்டுத் திருவிழாவைக் காட்டி பித்தாகரஸ் அதை விளக்கினார். சிலர் போட்டியிட்டுப் புகழ்மாலை சூட வருகிறார்கள். சிலர் வாங்கவும் விற்கவும் வருகிறார்கள். இன்னும் சிலர் கைத்தட்டலையும் லாபத்தையும் நாடாமல், அங்கே என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே வருகிறார்கள். அந்தக் கடைசிக் கூட்டம்தான் தத்துவஞானிகள்.

மேடையில் இறங்குபவரின் வாழ்வு செயல் வாழ்வு. பார்த்து அறிபவரின் வாழ்வு சிந்தனை வாழ்வு. அரிஸ்டாட்டில் இவற்றோடு இன்ப வாழ்வையும் சேர்த்து மூன்றாக எண்ணினார். பின்னர் இலத்தீனில் இவை வீட்டா ஆக்டிவா, வீட்டா கான்டெம்ப்ளாட்டிவா என்ற பெயர்களில் நிலைத்துவிட்டன.

2. சிந்தனை வாழ்வு என்றால் கண்ணை மூடித் தியானம் செய்வதா?

இல்லை. தமிழில் சிலர் இதைத் 'தியான வாழ்வு' என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது. கிரேக்கச் சொல் தியோரியா. அதன் வேர் காண்பதில் இருக்கிறது. ஒலிம்பியா, டெல்ஃபி போன்ற இடங்களின் திருவிழாக்களுக்கு ஒரு நகரம் தன் சார்பில் அனுப்பும் தூதர்களுக்குத் தியோரோஸ் என்று பெயர். அவர்கள் போவது காண்பதற்காக. அந்தக் காட்சிக்குப் புனிதமும் உண்டு. நம் 'தரிசனம்' என்ற சொல் கோயிலுக்கும் தத்துவத்துக்கும் பொதுவாக இருப்பதை நினைத்தால் இது எளிதில் விளங்கும். கண்ணை மூடுவதைவிடத் திறப்பதுதான் தியோரியாவுக்கு நெருக்கமானது.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: அந்தத் தூதர் திரும்பி வந்து கண்டதைச் சொல்ல வேண்டும். பிளாட்டோ தம் முதுமையில் எழுதிய 'சட்டங்கள்' நூலில், வெளிநாட்டு வழக்கங்களைப் பார்த்து வரும் தியோரோஸ் ஊர் திரும்பியதும் உயர் அவையின் முன் போய் நிற்க வேண்டும் என்று விதி வகுக்கிறார். போனதும் கண்டதும் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும் என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 6ஆம் கேள்வியில் தேவைப்படும்.

3. வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறோமே, அதுதானே செயல் வாழ்வு?

கிரேக்கர்களிடம் இதைச் சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். அவர்களுக்குச் செயல் வாழ்வு என்பது சபையில் பேசுவது, வழக்கில் தீர்ப்பளிப்பது, போருக்குச் செல்வது, பதவி வகிப்பது. சோறு ஆக்குவதும் செருப்புத் தைப்பதும் கடை வைப்பதும் உயிர் பிழைக்கும் தேவைக்காகச் செய்பவை. ஆகையால் அவை சுதந்திர மனிதன் தேர்ந்தெடுக்கும் 'வாழ்வு' என்ற கணக்கிலேயே வரவில்லை.

தேவையிலிருந்து விடுபட்ட நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்கோலே. வேலை என்பதற்குத் தனிச்சொல் வைக்காமல், 'ஸ்கோலே இல்லாமை' என்ற பொருளில் அஸ்கோலியா என்றார்கள். இலத்தீனிலும் அப்படியே: ஓட்டியம் என்றால் ஓய்வு, அது இல்லாதது நெகோட்டியம். நம் பிள்ளைகளை நாள்தோறும் அனுப்பும் 'ஸ்கூல்' அந்த ஸ்கோலேயின் வழிவந்த சொல்தான். முதுகில் தொங்கும் புத்தகப் பையின் எடையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

4. நம் இல்லறம், துறவறம் என்பதும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஏன் அல்ல என்று பார்ப்பது பயனுள்ளது. 3ஆம் விடையில் சொன்னபடி, கிரேக்கச் செயல் வாழ்வு வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. இல்லறமோ வீட்டை நடுவில் வைத்துப் பேசுகிறது: விருந்தோம்பல், சுற்றம் பேணல், துறந்தாருக்கும் துணையாக இருத்தல். திருக்குறளில் இல்லறவியலும் துறவறவியலும் அறத்துப்பாலுக்குள் இருக்க, அரசனும் அமைச்சனும் தூதனும் பொருட்பாலுக்குப் போய்விடுகிறார்கள். ஆக, கிரேக்கர்கள் செயல் வாழ்வு என்று அழைத்ததற்கு நம்மிடம் இணை தேட வேண்டுமானால் இல்லறவியலைவிடப் பொருட்பாலில்தான் தேட வேண்டும்.

துறவறமும் சிந்தனை வாழ்வும்கூடச் சரியாகப் பொருந்தவில்லை. அரிஸ்டாட்டிலின் தத்துவஞானி எதையும் துறப்பதில்லை. அவருக்கு நண்பர்கள் வேண்டும், உடல்நலம் வேண்டும், அளவான செல்வமும் வேண்டும்.

5. எப்படி வாழ்வது என்பது அவரவர் விருப்பம். இதில் அரசியல் எங்கிருந்து வந்தது?

ஏதன்ஸில் இது அவரவர் விருப்பமாக இருக்கவில்லை. ஏதன்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த பெலொப்பொனேசியப் போரின் முதலாண்டில் இறந்தவர்களுக்காக, ஏதன்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் ஆற்றிய உரையை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். ஊர்க் காரியத்தில் பங்கெடுக்காதவனை 'தன் பாட்டில் இருப்பவன்' என்று நாங்கள் சொல்வதில்லை, பயனற்றவன் என்கிறோம் என்று அதில் வருகிறது. பிளாட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் காலிக்ளிஸ் சாக்ரடீஸை நேருக்கு நேர் ஏளனம் செய்கிறான்: தத்துவம் இளைஞர்களுக்குச் சரி, வளர்ந்த மனிதன் சந்தையையும் சபையையும் விட்டு ஒரு மூலையில் மூன்று நான்கு பையன்களோடு முணுமுணுத்துக்கொண்டு காலம் கழித்தால் அவனுக்கு அடிதான் கொடுக்க வேண்டும், அவனை யாராவது நீதிமன்றத்துக்கு இழுத்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

கி.மு. 399இல் சாக்ரடீஸை உண்மையிலேயே நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மரண தண்டனையும் கொடுத்தார்கள். பிளாட்டோ இந்த வரிகளை எழுதியது அதன் பிறகு. சிந்திப்பவர் நகரத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார், நகரம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்ற கணக்கு அந்த மரணத்திலிருந்து எழுதப்படத் தொடங்கியது. அதனால்தான் இது அரசியல் தத்துவத்தின் கேள்வி.

6. தத்துவஞானிதான் அரசாள வேண்டும் என்றவர் பிளாட்டோ. அப்படியானால் அவர் செயல் பக்கம்தானே?

குகைக் கதை எல்லோருக்கும் தெரியும்: சுவரில் விழும் நிழல்களையே உண்மை என்று நம்பிக் கட்டுண்டு கிடப்பவர்களில் ஒருவன் விடுபட்டு மேலேறிச் சூரியனைக் காண்கிறான். பெரும்பாலானவர்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். 'குடியரசு' ஏழாம் நூலில் அடுத்து வரும் பகுதிதான் நம் கேள்விக்குரியது. மேலே போனவன் திரும்பி இறங்க விரும்ப மாட்டான். அவனை இறக்கியே ஆக வேண்டும் என்கிறார், அந்த நூலில் பிளாட்டோ பேச வைக்கும் சாக்ரடீஸ். அவரோடு உரையாடும் கிளௌக்கன் உடனே மறுக்கிறான்: நல்லதொரு வாழ்வு கைக்கு எட்டியிருக்கும்போது அவர்களைத் தாழ்ந்த வாழ்வுக்குத் தள்ளுவது அநியாயம் இல்லையா?

இதற்குச் சாக்ரடீஸ் சொல்லும் விடையைப் பலமுறை படித்திருக்கிறேன். இன்னும் அதன் கூர்மை குறையவில்லை. வேறு நகரங்களில் தத்துவஞானிகள் தாமாக, ஆட்சியின் விருப்பமின்றி, காட்டுச் செடி போல முளைக்கிறார்கள். யாரும் வளர்க்காதவர் யாருக்கும் வளர்ப்புக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒதுங்கி இருப்பது நியாயம். உங்களையோ இந்த நகரம் திட்டமிட்டு வளர்த்தது, மற்றவர்களைவிட நன்றாகக் கற்பித்தது. ஆகவே இறங்குங்கள், முறை வைத்து ஆளுங்கள். செயல் வாழ்வு உயர்ந்தது என்ற பேச்சே இதில் இல்லை. பட்ட கடனை அடைப்பது மட்டும் இருக்கிறது. ஆளுவதற்கு ஆசைப்படாதவர் ஆளும் நகரமே நன்றாக ஆளப்படும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஆக, உயர்ந்த வாழ்வு எது என்று கேட்டால் பிளாட்டோ சிந்தனை பக்கம். எதைச் செய்தாக வேண்டும் என்று கேட்டால் செயல் பக்கம். 2ஆம் விடையில் வந்த தியோரோஸ் இங்கேயும் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

7. சொன்னதைப் பிளாட்டோ தாமே செய்து பார்த்தாரா?

பார்த்தார், பலிக்கவில்லை. சிசிலித் தீவின் சைரக்யூஸ் நகருக்கு மூன்று முறை போனார். இரண்டாவது முறை, இளம் சர்வாதிகாரி இரண்டாம் டயொனீசியஸுக்குக் கற்பிக்கும்படி நண்பர் டியோன் அழைத்ததால். வெறும் வாய்ச்சொல் வீரனாக என் கண்ணுக்கே நான் தெரிந்துவிடக் கூடாது என்ற வெட்கத்தால் போனேன் என்று ஏழாம் கடிதத்தில் வருகிறது. அந்தக் கடிதத்தை எழுதியவர் அவர்தானா என்று அறிஞர்களிடையே சண்டை இருக்கிறது. டியோன் நாடு கடத்தப்பட்டார். மூன்றாவது பயணத்தில் பிளாட்டோவே சிறைப்பட்டவர் போல் ஆகி, தரெந்தும் நகரத்து ஆர்க்கிட்டாஸின் தலையீட்டால் தப்பி வந்தார்.

8. மனிதன் அரசியல் விலங்கு என்றவர் அரிஸ்டாட்டில். அவரே கடைசியில் சிந்தனை வாழ்வுதான் மேல் என்கிறார். முரண்படவில்லையா?

முரண்படுவது போல் தோன்றுவது உண்மைதான். அறிஞர்களும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. 'நிக்கோமாக்கிய அறவியல்' ஒன்பது நூல்கள் வரை வீரம், கொடை, நீதி, நட்பு என்று பிறரோடு கூடி வாழ்வதற்கான பண்புகளைப் பேசிக்கொண்டே வருகிறது. பத்தாம் நூலின் ஏழாம் இயலில் திடீரென்று காட்சி மாறுகிறது. சிந்தனைதான் இடையறாமல் செய்யக்கூடியது. அதற்குப் பிறர் துணை மிகக் குறைவாகவே வேண்டும். வேறெதற்காகவும் இல்லாமல் அதற்காகவே விரும்பப்படுவது அது ஒன்றுதான். ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அலைகிறோம், அமைதி வேண்டும் என்பதற்காகவே போரிடுகிறோம். அரசியலும் போரும் எவ்வளவு சிறப்பானவையாக இருந்தாலும் தமக்கு அப்பால் உள்ள ஒன்றுக்காகச் செய்யப்படுபவை. ஆகவே அவற்றின் இன்பம் இரண்டாம் படி.

என் வாசிப்பு இது: முதல் வாக்கியம் மனிதன் எங்கே வாழ்கிறான் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது அவனிடம் எது மிக உயர்ந்தது என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். ஒரே நேரத்தில் முழுமையாக இருக்க முடியாது என்பதுதான் இடறல். 'அரசியல்' ஏழாம் நூலில் அவர் இன்னொரு வழியும் பார்க்கிறார். செயல் என்றால் பிறரை நோக்கியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, தனக்காகவே செய்யப்படும் சிந்தனையும் ஒரு செயல்தான் என்கிறார். சமாதானம் சற்று அவசரமாகச் செய்யப்பட்டது போல எனக்குப் படுகிறது.

அவருடைய நிலையையும் மறக்க வேண்டாம். ஸ்டாகிராவில் பிறந்த அரிஸ்டாட்டில் ஏதன்ஸில் குடியேறிய அந்நியர். சபையில் பேசவோ வாக்களிக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. அரசியல் வாழ்வைப் பற்றி இவ்வளவு எழுதியவர், தாம் வாழ்ந்த நகரில் அதை வாழவே முடியாதவர்.

9. எல்லாம் சரி, இவர்கள் உட்கார்ந்து சிந்திக்கும்போது வீட்டு வேலையை யார் செய்தார்கள்?

இதைக் கேட்டவர் அப்போது எங்கள் எல்லோருக்கும் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தார். அடிமைகள் செய்தார்கள், பெண்கள் செய்தார்கள் என்பதுதான் விடை. அரிஸ்டாட்டில் இதை மறைக்கவில்லை. அடிமைகளை வேலை வாங்குவது ஒன்றும் பெரிய கலையல்ல. வசதியுள்ளவர்கள் அதை ஒரு மேற்பார்வையாளரிடம் விட்டுவிட்டுத் தாங்கள் அரசியலில் அல்லது தத்துவத்தில் ஈடுபடுகிறார்கள் என்று 'அரசியல்' முதல் நூலில் எழுதுகிறார். அந்த 'அல்லது' முக்கியமானது. நாம் இதுவரை எதிரெதிராக நிறுத்திப் பார்த்த இரண்டு வாழ்வுகளும் ஒரே அடிமையின் முதுகில்தான் நின்றுகொண்டிருந்தன. தறியின் நாடா தானாக ஓடினால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்றும் அதே நூலில் வருகிறது. அது நடக்காத ஒன்று என்ற தொனியில்.

ஆகவே தத்துவம் வேண்டாம் என்று தள்ளிவிடலாமா என்று அதே நண்பர் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் பிளாட்டோ சொன்ன வளர்ப்புக் கூலியை இங்கே நீட்டிப் பார்க்கலாம். ஒருவரின் ஓய்வுக்கு நகரம் மட்டும் விலை கொடுக்கவில்லை. அந்த நகரின் பெயர்ப் பட்டியலில் இல்லாதவர்களும் கொடுத்தார்கள். அவர்களுக்குரிய கடனைப் பிளாட்டோவும் எழுதவில்லை, அரிஸ்டாட்டிலும் எழுதவில்லை.

10. ரோமானியர்கள் செயலுக்கே முதலிடம் கொடுத்தார்கள் என்கிறார்களே?

பொதுவாகச் சரி. கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் 'யார் கண்ணிலும் படாமல் வாழ்' என்று தோட்டத்துக்குள் நண்பர்களோடு ஒதுங்கினார். ஸீனோ தொடங்கிய ஸ்டோயிக் தத்துவப் பள்ளியினர் பொதுக் காரியத்தில் இறங்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ரோமானிய ஸ்டோயிக் செனெகா அழகாகச் சுருக்கினார்: எபிகூரஸின் அறிஞர் ஏதாவது நேர்ந்தாலொழிய அரசியலுக்குப் போகமாட்டார், ஸீனோவின் அறிஞர் ஏதாவது தடுத்தாலொழியப் போவார்.

சிசரோவின் வாதம்தான் கனமானது. கி.மு. 44இல், ஏதன்ஸில் படித்துக்கொண்டிருந்த மகன் மார்க்கஸுக்கு எழுதிய 'கடமைகள்' நூலில் ஒரு சோதனை வைக்கிறார். எல்லா வசதியும் கிடைத்து, அறியத் தக்கவை அனைத்தையும் அமைதியாக ஆராயும் வாழ்வு ஒருவருக்கு வாய்க்கிறது. ஆனால் இன்னொரு மனித முகத்தைக்கூடப் பார்க்க முடியாத தனிமை. அவர் உயிரையே விட்டுவிடுவார் என்கிறார் சிசரோ. எனவே அறிவிலிருந்து வரும் கடமையைவிட மனிதக் கூட்டுறவிலிருந்து வரும் கடமையே இயற்கைக்கு நெருக்கமானது. இந்த நூலை எழுதும்போது அவர் கையில் அதிகாரம் எதுவும் இல்லை. பழைய ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவின் ஓய்வு அவர் தேடிக்கொண்டது, என் ஓய்வு என்மேல் திணிக்கப்பட்டது என்று மூன்றாம் நூலின் தொடக்கத்தில் வருந்துகிறார். மறுபடியும் அரசியலில் இறங்கி மார்க் ஆண்டனியை எதிர்த்தார், கி.மு. 43 டிசம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அவருடைய தலையும் கைகளும் ரோமின் பேச்சு மேடையில் வைக்கப்பட்டன.

11. பைபிளில் மார்த்தாள், மரியாள் கதையை இதற்கு இழுக்கிறார்களே, எப்படி?

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரம். இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். மார்த்தாள் பரிமாறும் வேலையில் அலைக்கழிகிறாள். மரியாள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கை தனக்கு உதவவில்லை என்று மார்த்தாள் முறையிட, மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று விடை வருகிறது. இடைக்காலத் திருச்சபைக்கு மரியாள் சிந்தனை வாழ்வின் சின்னம், மார்த்தாள் செயல் வாழ்வின் சின்னம். ஆனால் ஒரு மாற்றம் நடந்திருப்பதைப் பாருங்கள்: 3ஆம் விடையில் கணக்கிலேயே வராத சமையலறை இப்போது செயல் வாழ்வுக்குள் வந்துவிட்டது, சபையும் போரும் பின்னால் போய்விட்டன.

ஹிப்போவின் ஆயராக இருந்த அகுஸ்தீன் 'இறைநகர்' நூலில் கலப்பு வாழ்வுக்கும் இடம் வைக்கிறார். உண்மைமேல் உள்ள அன்பு ஓய்வைத் தேடுகிறது, அன்பின் கட்டாயம் பணியை ஏற்கிறது. பக்கத்து மனிதரை மறக்கும் அளவுக்கு ஓய்வும் கூடாது, கடவுளைக் காண நேரமில்லாத அளவுக்கு வேலையும் கூடாது. நூற்றாண்டுக் கணக்கில் மரியாள் பக்கமே அடிக்கப்பட்ட பழைய பந்தை மார்த்தாள் பக்கம் திருப்பியவர் எக்கார்ட் என்ற ஜெர்மானிய மறையுரையாளர். மரியாள் இன்னும் கற்கும் பருவத்தில் இருக்கிறாள், மார்த்தாளோ கற்று முடித்து வேலையில் இருக்கிறாள் என்று அவர் பொருள் சொன்னார்.

12. மறுமலர்ச்சிக் காலத்தில் இந்த விவாதம் திரும்பி வந்ததாகச் சொல்கிறார்கள். எதனால்?

ஒரு காரணம், தொலைந்த கையெழுத்துப் படிகள் கிடைத்தது. 1345இல் வெரோனாவில் சிசரோ நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களை இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் கண்டெடுத்தார். தாம் வழிபட்ட ஞானி பதவிச் சண்டைகளில் அல்லாடுவதைக் கண்டு மனம் நொந்து, இறந்து 1,300 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதினார்: கிராமத்தில் அமைதியாக மூப்படைந்திருக்கலாமே! அதே சிசரோவை ஃப்ளாரன்ஸ் நகரத்தார் வேறு விதமாகப் படித்தார்கள். குடியரசின் தலைமைச் செயலராக இருந்த லியொனார்டோ புரூனி, கவிஞர் தாந்தேயின் வாழ்க்கையை எழுதும்போது, அவர் கம்பால்டினோ போரில் சண்டையிட்டதையும் மணம் முடித்ததையும் பதவி வகித்ததையும் எடுத்துக்காட்டி, ஒதுங்கினால்தான் படிக்க முடியும் என்பவர்களைக் கேலி செய்தார்.

ஃப்ளாரன்ஸ் குடியரசில் அதிகாரியாக இருந்த மாக்கியவெல்லி 1513 டிசம்பர் 10 அன்று நண்பர் வெட்டோரிக்கு எழுதிய கடிதத்தைவிட இந்த விவாதத்தை நெருக்கமாகக் காட்டும் பக்கம் வேறில்லை. முன்பு நகரை ஆண்ட மெடிசி குடும்பம் திரும்பி வந்ததால் வேலை போய், சிறையும் சித்திரவதையும் கண்டு, ஊருக்கு வெளியே சிறு பண்ணையில் இருக்கிறார். பகலில் மரம் வெட்டுபவர்களோடு தகராறு. பிற்பகலில் சத்திரக்காரர், கசாப்புக்காரர், மாவு அரைப்பவர், சூளைக்காரர்கள் ஆகியோருடன் சீட்டாட்டம், காசுக்காகக் கூச்சல். மாலையானதும் வீடு திரும்பி, சேறு படிந்த உடையை வாசலிலேயே கழற்றிவிட்டு, அரசவைக்குரிய ஆடையை அணிந்து படிப்பறைக்குள் நுழைகிறார். பழங்காலத்தவர்களோடு பேசுகிறார், அவர்கள் செயல்களுக்குக் காரணம் கேட்கிறார். நான்கு மணி நேரம் எந்தக் கவலையும் தெரிவதில்லை. அந்தக் கடிதத்திலேயே, மெடிசிகள் ஒரு கல்லை உருட்டும் வேலை கொடுத்தால்கூடப் போதும் என்றும் எழுதுகிறார். சிந்தனையில் திளைக்கும்போதும் அவருடைய கண் அரண்மனை வாசலில்தான் இருந்தது.

13. ஆட்சி மோசமாக இருக்கும்போது நல்லவர் உள்ளே போய் மாற்றப் பார்க்க வேண்டுமா, விலகி நிற்க வேண்டுமா?

இதற்கு நான் கண்ட மிக நேர்மையான விவாதம் தாமஸ் மோர் 1516இல் வெளியிட்ட 'யுடோப்பியா'வின் முதல் பகுதி. ஆண்ட்வெர்ப்பில் ஒரு தோட்டத்துப் புல்மேட்டில் அமர்ந்து பேசுகிறார்கள். இவ்வளவு கற்ற நீங்கள் ஏன் ஒரு மன்னருக்கு ஆலோசகராகக் கூடாது என்று ரஃபேல் என்ற பயணியைக் கேட்கிறார்கள். போரையும் வரியையும் பெருக்க வழி தேடும் அவையில் நான் நல்லதைச் சொன்னால் சிரிப்பார்கள், சும்மா இருந்தால் கூட்டுக் களவாணி ஆவேன் என்கிறார் ரஃபேல். உரையாடலில் வரும் மோர் விடையளிக்கிறார்: காற்றை அடக்க முடியவில்லை என்பதற்காகப் புயலில் கப்பலை விட்டுவிட்டுப் போகக் கூடாது, நல்லதாக்க முடியாததைக் கெடுதல் குறைந்ததாகவாவது ஆக்கலாம்.

நூலில் யாரும் வெல்லவில்லை. நூலாசிரியர் மோர் அரசப் பணியில் சேர்ந்தார், 1529இல் தலைமை அமைச்சர் நிலைக்கு உயர்ந்தார், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் திருச்சபைத் தலைமையை ஏற்க மறுத்து 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டார். இதனால் ரஃபேல் சொன்னதே சரி என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். நான் அவ்வளவு விரைவாக முடிவு கட்ட மாட்டேன். எந்த இடத்தில் வெளியேற வேண்டும் என்பது உள்ளே இருந்த மோருக்குத் தெரிந்திருந்தது.

14. ஹன்னா அரெண்ட் செயல் வாழ்வுதான் உயர்ந்தது என்று நிறுவிவிட்டார் அல்லவா?

இருபதாம் நூற்றாண்டின் அரசியல் சிந்தனையாளரான அவர் சொன்னது அதைவிடச் சிக்கலானது. 1958இல் வந்த 'மனித நிலை' நூலில் அவருடைய குறை இது: சிந்தனையை உச்சியில் வைத்த மரபு, அங்கிருந்து கீழே பார்த்து மற்ற எல்லாவற்றையும் 'அலைச்சல்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. மார்க்ஸ் போன்றவர்கள் மூட்டையைத் தலைகீழாகத் திருப்பினார்களே தவிர அவிழ்க்கவில்லை. உலகைத் தத்துவஞானிகள் விளக்கினார்கள், அதை மாற்றுவதே வேண்டியது என்று மார்க்ஸ் 1845இல் எழுதிய குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரெண்ட் மூட்டையை அவிழ்த்து மூன்றாகப் பிரித்தார். உடல் பிழைக்க நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்வது உழைப்பு; காலையில் ஆக்கிய சோறு இரவுக்குள் தீர்ந்துவிடும். மேசையும் வீடும் நூலும் போல, செய்தவருக்குப் பின்னும் நிற்கும் பொருளைச் செய்வது ஆக்கம். பலர் முன்னிலையில் சொல்லாலும் செய்கையாலும் புதியதொன்றைத் தொடங்குவதுதான் செயல்; அதன் விளைவு தொடங்கியவர் கையில் இல்லை, திரும்பப் பெறவும் முடியாது. அதனால்தான் செயல் வாழ்வுக்கு வாக்குறுதியும் மன்னிப்பும் வேண்டும் என்கிறார். அந்த நூலில் எனக்குப் பிடித்த பகுதி அது. 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பார்த்த பிறகு, அந்த மனிதனிடம் கண்ட சிந்தனையின்மை அவரை மறுபக்கம் திருப்பியது. கடைசியாக எழுதிய நூல், சிந்திக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றியது. உழைப்புக்கு அவர் கொடுத்த இடம் போதாது என்பது என் கருத்து. 9ஆம் கேள்வியைக் கேட்டவர் அவரையும் விடமாட்டார்.

15. கீதையின் கர்மயோகம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டதே?

தீர்த்தது வேறொரு சிக்கலை என்று நினைக்கிறேன். மண்டலே சிறையில் இருந்தபோது எழுதி 1915இல் வெளியான 'கீதா ரகசியம்' நூலில் திலகர், கீதை துறவைவிடச் செயலையே போதிக்கிறது என்று சங்கரரின் உரையை மறுத்து வாதிட்டார். அங்கே கேள்வி, செயலில் இருந்துகொண்டே விடுதலை பெற முடியுமா என்பது. அதற்கு வழி, பலனில் பற்றை விடுவது. 1ஆம் விடையின் கிரேக்கரோ புகழ்மாலைக்காகவே களத்தில் இறங்குகிறார். பிறர் கண்ணில் படுவதுதான் அவர் செயலின் உயிர். பற்றற்ற செயல் என்றால் அவருக்குப் புரிந்திருக்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் விடையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அரவிந்தர் 1910இல் வங்க அரசியலை விட்டுப் பாண்டிச்சேரிக்கு வந்து யோகத்தில் அமர்ந்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அவரை எபிகூரஸோடு ஒப்பிடுவது பொருந்தாது.

16. நான் ஆசிரியர். கற்பிப்பதும் எழுதுவதும் இதில் எந்தப் பக்கம் சேரும்?

இதே கேள்வியை 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் எடுத்துக்கொண்டார், அவரும் ஆசிரியர். கற்பிப்பதில் இரண்டு இருக்கின்றன என்றார்: உள்ளே உண்மையைக் கண்டு மகிழ்வது சிந்தனை வாழ்வுக்குரியது, வெளியே கேட்பவருக்காகப் பேசுவது செயல் வாழ்வுக்குரியது. சிந்தனை வாழ்வே தன்னளவில் உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டவர்தான். ஆனாலும் வெறுமனே ஒளிர்வதைவிடப் பிறருக்கு ஒளி தருவது மேல் என்று, கண்டதைக் கொடுக்கும் வாழ்வை அதற்கும் மேலே வைத்தார். அவர் சேர்ந்திருந்த டொமினிக்கன் துறவியர் சபையின் வேலையே மறையுரை என்பதையும் சொல்ல வேண்டும். தம் சபைக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

உங்கள் ஓய்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்பதுதான் இதற்கு நான் சேர்க்கக்கூடியது. வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரியில் சம்பளம் வாங்குபவருக்குப் பிளாட்டோவின் வாதம் அப்படியே பொருந்தும். அவர் தானாக முளைத்த செடியல்ல. அடைக்க வேண்டிய கடன் தேர்தலில் நிற்பதாக இருக்க வேண்டும் என்பதில்லை. வகுப்பறையில் நிற்பதும் குகைக்குள் இறங்குவதுதான்.

17. எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்? எல்லாம் தடித்தடியாக இருக்கிறதே.

'குடியரசு' ஏழாம் நூலின் முதல் சில பக்கங்களையும், 'நிக்கோமாக்கிய அறவியல்' பத்தாம் நூலில் ஆறு முதல் எட்டு வரையுள்ள இயல்களையும் அடுத்தடுத்து படியுங்கள். இரண்டு மாலைகள் போதும். பிறகு 'யுடோப்பியா'வின் முதல் பகுதி. பலர் அதைத் தாண்டிக் கற்பனைத் தீவுக்கு ஓடிவிடுகிறார்கள், ஓடாதீர்கள். மாக்கியவெல்லியின் கடிதம் மூன்று நான்கு பக்கம்தான். அரெண்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்: மற்றவர்களைப் படித்திராமல் தொடங்கினால், அவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரியாமல் பாதியில் மூடிவைத்துவிடுவீர்கள். நானும் முதல் முறை அப்படித்தான் மூடிவைத்தேன்.